பனைமரத்தின் மேல் ஒரு தறி

புயலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் நம் வயதுக்காரர்களுக்கு வாய் மூடாது. தன் வீட்டுத் தென்னை முறிந்து கிணற்றுக்குள் விழுந்தது என்பார் ஒருவர். தன் வீட்டுக் கூரையே எழும்பிப் போய்ப் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்தது என்பார் இன்னொருவர். போன மாதம் கண் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது கூட இப்படி இரண்டு பேர் என் முன்னால் மல்லுக்கு நின்றார்கள். அந்தப் போட்டிக்கு நான் வரவில்லை. புயல் இரண்டு நாள் ஆட்டம் போட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பின்னால் வருகிற மூன்று மாதம்தான் பெரிய கதை. அதை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் அது. காஞ்சிபுரத்தில் வேகவதி ஆற்றுப் பக்கம் எங்கள் தெரு. தெரு முழுக்கப் பட்டுத் தறிகள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தறிதான் கண்ணில் படும், பிறகுதான் மனிதர்கள். உங்களுக்குத் தெரியும், ஆனால் உங்கள் பேரப்பிள்ளைகள் இதைப் படித்தால் முழிப்பார்களே என்று சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து நெய்கிற தறி இல்லை அது. தரையில் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி இருக்கும். நெய்கிறவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டு, அடியில் இருக்கும் மிதிகட்டையை மிதிப்பார். நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பட்டு இழைகளுக்குப் பாவு என்று பெயர். அது தரையை ஒட்டி அவர் மடிக்கு நேராக ஓடும். தறிக்குழி இல்லையென்றால் நெசவு இல்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி நிச்சயமான விஷயம்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எழுதும்போது ஏனோ அப்பா என்றுதான் வருகிறது. அவர் மகா அவசரக்காரர். அம்மா குழம்பு ஊற்றுவதற்குள் வெறும் சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுவார். பஸ் நிற்பதற்கு முன்பே இறங்குவார். தறியில் உட்கார்ந்தால் மட்டும் வேறு மனிதர். ஓர் இழை அறுந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடி போடுவார். ஒரே ஆளுக்குள் இரண்டு பேர் எப்படிக் குடியிருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கார்த்திகை பிறந்து சில நாள் ஆகியிருக்கும். கடற்கரையில் புயல் கரையேறியது என்று பெரியப்பா வீட்டு ரேடியோ சொன்னது. பெரியப்பா வீடு எங்கள் பக்கத்து வீடு. கடல் எங்கள் ஊரிலிருந்து அரை நாள் பிரயாணம், நமக்கென்ன என்று எல்லோரும் இருந்தார்கள். மத்தியானத்துக்குள் ஓடுகள் பறக்க ஆரம்பித்தன. சாயங்காலம் வேகவதி தெருவுக்குள் வந்துவிட்டது.

தண்ணீர் வாசற்படி ஏறியபோது அப்பா செய்த காரியத்தை நான் மறக்க மாட்டேன். பாவை அறுக்கவில்லை. பாதி நெய்த புடவை, பாவு, அது நுழைந்து வருகிற அச்சு எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு குழந்தையைத் தூளியிலிருந்து எடுப்பது போல எடுத்து, பழைய வேட்டியில் சுற்றி, கூரை உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டார். அதன் பிறகுதான் எங்களைப் பரண்மேல் ஏற்றினார். அம்மா இதைப் பிற்பாடு பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறாள். "உங்க நைனாவுக்கு மொதல்ல பொடவ, அப்புறம்தான் பெத்த பொண்ணு" என்பாள். அப்பா மறுத்ததே இல்லை.

இரண்டு நாளில் காற்று அடங்கியது. வீட்டுக்குள்ளிருந்த தண்ணீரும் வடிந்தது. தறிக்குழித் தண்ணீர் மட்டும் அப்படியே நின்றது. தெருவில் உள்ள அத்தனை குழிகளும் விளிம்பு வரை நிறைந்து சிறு குளங்களாகிவிட்டன. எதிர்வீட்டுக்காரர் தன் தறிக்குழியில் ஒரு விரால் பிடித்தார். அதைக் கையில் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க ஊர்வலம் போனார். எங்கள் குழியில் தவளைகள்தான். அவை சேர்ந்து கத்தும்போது பெரியப்பா தன் வீட்டிலிருந்தே, "இன்னாப்பா, உங்க வூட்டுல கச்சேரி ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று கேட்பார்.

பெரியப்பா அப்பாவுக்கு நேர் எதிர். குழியைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டார், தாயக்கட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பூமி குடிச்சது போதும்னு சொல்ற வரைக்கும் நாம இன்னா பண்ண முடியும்? தை கடைசில தானா வத்தும்" என்றார். தெருவில் பாதிப்பேர் அவரோடு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று அப்போது நான் நினைத்தேன். அப்பா அப்படி நினைத்ததால் நானும் நினைத்தேன்.

அப்பாவால் ஏன் உட்கார முடியவில்லை என்பதற்கு வருகிறேன். உத்திரத்தில் தொங்கிய அந்தப் பாதிப் புடவை கடைக்குப் போகிற புடவை இல்லை. அது கருவாட்டம்மாவுடைய மகளின் கூரைப்புடவை.

கருவாட்டம்மா கடற்கரைக் குப்பத்துக்காரி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை கூடையோடு பஸ் ஏறி வந்து எங்கள் தெருவில் கருவாடு விற்பாள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மாவுக்கும் அவளுக்கும் சிநேகம். தெருவுக்கு அவள் கருவாட்டுக்காரி, அம்மாவுக்கு மட்டும் அக்கா. கூடையை வெளியே இறக்கிவிட்டு அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து ஒரு சொம்பு நீராகாரம் குடிப்பாள். பட்டு இருக்கும் இடத்தில் மீன் வாசனை ஆகாது என்று தறிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். அவளுடைய ஒரே மகளுக்கு மாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாலி ஏறும்போது மகள் பட்டுக் கட்டியிருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவர்கள் குப்பத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் பட்டுக் கட்டியதில்லை. அவளும் அம்மாவும் எப்படிப் பேசி முடித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அப்பா வாக்குக் கொடுத்திருந்தார், அது மட்டும் தெரியும். உடலும் கரையும் ஒரே அரக்கு நிறம், கரையில் மெல்லியதாக ஒரு சரிகைக் கம்பி. எளிய புடவைதான்.

புயல் கரையேறியது அந்தக் குப்பத்துக்கு வெகு அருகில். அந்தப் பக்கம் வீடே மிஞ்சவில்லை என்று பேசிக்கொண்டார்கள். பதினைந்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று, கருவாட்டம்மா வரவில்லை. அம்மா தினமும் பஸ் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பாள்.

பெரியம்மா ஒருநாள் மெதுவாகத்தான் சொன்னாள். "இருந்தா வந்திருக்க மாட்டாளா? அந்தப் பொடவைய வேற யாருக்காச்சும் குடுத்துடுங்கம்மா. கல்யாண சீசன் வருது."

"அவ வருவா" என்றாள் அம்மா. "வந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

 மறுநாள் விடிந்ததும் அப்பா ஒரு மண்ணெண்ணெய் டின்னின் வாயைச் சுத்தியலால் தட்டி அகலப்படுத்தி, குழித் தண்ணீரை இறைக்க ஆரம்பித்துவிட்டார். அந்த டின்னுக்குக் கயிற்றுக் கைப்பிடி போட்டது நான்.

முதல் நாள் பாதிக் குழி இறைத்தார். காலையில் பார்த்தால் பழையபடி நிறைந்திருந்தது. இரண்டாம் நாள் இன்னும் வேகமாக இறைத்தார். மறுபடி நிறைந்தது. இப்படி ஐந்தாறு நாள். ஆறு வந்து போன மண் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துவிட்டு நிற்கிறது, குழிக்குள் இருக்கும் தண்ணீர்தான் அந்தச் சுவர்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது அப்பாவுக்குத் தோன்றவே இல்லை. அவருக்குக் குழி என்றால் காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மார்கழி பிறந்ததும் ஒருநாள் எதிர்வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, இரண்டு டின்னோடு, காலையிலிருந்து நடுப்பகல் வரை மூச்சுவிடாமல் இறைத்து அடிமண்ணைக் கண்டுவிட்டார். சாக்கு போட்டுத் துடைத்தார். விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, "பாத்தியா?" என்று பெரியப்பா வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

அவர் எழுந்து வாய் கொப்பளிக்கப் போன நேரம் நான் அங்கே இருந்தேன். முதலில் பொத்தென்று ஒரு கட்டி விழுந்தது. பிறகு ஒரு பக்கச் சுவர் முழுவதும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதன் பின்னாலேயே எதிர்ப்பக்கமும். தறியின் முன்கால் இரண்டும் தலையைச் சாய்த்தன. அப்பா ஓடி வந்து குழிக்குள் குதித்து முதுகால் முட்டுக் கொடுக்கப் பார்த்தார். தொடை வரை சேற்றில் புதைந்து நின்றுகொண்டிருந்தார். கூடத்தின் நடுவில் இப்போது குழி இல்லை, மாட்டுவண்டி ஒன்றை இறக்கலாம் போல ஒரு பள்ளம்.

அம்மா வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "மொதல்ல காலக் கழுவிக்கினு வாங்க. சோறு ஆறுது" என்றாள். அன்றைக்கு அப்பா குழம்பு ஊற்றும்வரை காத்திருந்து சாப்பிட்டார். அது எனக்கு இடிந்த சுவரைவிடப் பயமாக இருந்தது. கணக்கு எனக்கே புரிந்தது. பெரியப்பாவின் குழி தை கடைசியில் தானாக வற்றிவிடும். எங்கள் பள்ளத்தில் மண் காய்ந்து, சுவர் எழுப்பி, பூசி, மறுபடி காய்வதற்குப் பங்குனி தாண்டிவிடும். வேறு இடத்தில் தோண்டலாம் என்றால் அரை முழத்தில் ஊற்றுக் கிளம்பியது. அக்கம்பக்கத்துத் தறிகளிலெல்லாம் அவரவர் பாவு நின்றது. கல்யாணமோ மாசியில்.

அதற்கு நாலு நாள் கழித்துக் கருவாட்டம்மா வந்தாள்.

கூடை இருந்தது, கருவாடு இல்லை. கழுத்தில் கருப்புக் கயிறு மட்டும் இருந்தது. யாரோ தர்மத்துக்குக் கொடுத்த புடவை, கணுக்காலுக்கு மேலே நின்றது. அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். தெருவே பார்த்தது. அவள் அழவில்லை, அம்மாதான் அழுதாள்.

"வூடு போச்சி. கட்டுமரம் போச்சி, வலையும் போச்சி. உசிரு கீது" என்றாள் கருவாட்டம்மா. "பொடவ எந்த மட்டுல இருக்குது?"

கேட்ட பெரியம்மா மூக்கின்மேல் விரலை வைத்தாள். அன்றைக்குக் கருவாட்டம்மா காதுபடவே தெருவில் பேசினார்கள். ஊரே போய்விட்டது, இவளுக்குப் பட்டு கேட்கிறது என்றார்கள். அப்பாவும் அடுப்பங்கரைப் பக்கம் வந்து சங்கடமாகச் சொன்னார்.

"இந்த நெலமைல பட்டு எதுக்குக்கா? கல்யாணத்த வைகாசிக்குத் தள்ளிப் போடக் கூடாதா? நூல் பொடவைல கட்டினா தாலி ஏறாதா?"

"தள்ள முடியாது அண்ணே. மாசில அந்த ஒரு நாள்தான் குறிச்சிருக்குது. பொடவ வேணும்" என்றாள். அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. கெஞ்சவும் இல்லை.

அப்பா அவளைக் கூப்பிட்டுப் பள்ளத்தைக் காட்டினார். அவள் தறிப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எதுக்கு இத்தினி நாளு தண்ணியோட மல்லுக்கு நிக்கிறீங்க? எங்க ஊரு மணல்ல குழி தோண்டினா நிக்குமா? வலை காயப்போடறதா இருந்தாலும், உப்பு மூட்ட வெக்கிறதா இருந்தாலும் மேல தூக்கித்தான் கட்டுவோம். நீங்களும் தூக்கிக் கட்டுங்களேன்."

"தறின்னா குழிலதான்க்கா இருக்கும். இது கட்டுமரம் இல்ல" என்றார் அப்பா. அவள் போனபிறகு, "கடல்ல போறவங்க தறிக்கு ரோசனை சொல்ல வந்துட்டாங்க" என்று முணுமுணுத்தார்.

பிறகு நடந்ததை நான் சிரிக்காமல் எழுத முடியாது. முசரவாக்கத்திலிருந்து மாமா, புயலில் சாய்ந்த பனைமரங்களைத் துண்டு போட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார், எங்கள் கூரையைச் சரிசெய்ய. துண்டுகளைக் கூடத்தில் அடுக்கினார்கள். அப்பா ஒரு துண்டின்மேல் உட்கார்ந்து பீடி குடித்தார். குடித்துக்கொண்டே காலை ஆட்டிப் பார்த்தார். காலைக் கொஞ்சம் அகட்டி, மிதிகட்டையை மிதிக்கிற மாதிரி மிதித்துப் பார்த்தார். பீடியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

"மச்சான், கூரை இருக்கட்டும். இந்தப் பக்கம் நாலு துண்டு, அந்தப் பக்கம் நாலு துண்டு அடுக்கு" என்றார். "எனக்கு ஒரு ரோசனை வந்திருக்குது."

"உங்களுக்கா வந்துது?" என்றாள் அம்மா. அப்பா காதில் விழாதது போலிருந்தார்.

பள்ளத்தை ஆற்று மணல் கொட்டி மூடினார்கள். அதன்மேல் பனந்துண்டுகளை இரண்டு வரிசையாக, இடையில் கால் தொங்க இடம் விட்டு அடுக்கினார்கள். குறுக்கே பலகை. தறியின் கால்களும் அதே உயரத்துக்கு ஏறின. தரைக்குக் கீழே இருக்க வேண்டிய குழி தரைக்கு மேலே வந்துவிட்டது. தெருக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பெரியப்பா உள்ளே வந்து அண்ணாந்து பார்த்து, "இன்னாப்பா, டிக்கெட் எங்க குடுக்கறாங்க?" என்றார். சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

முதல் நாள் நெசவு மகா கேவலம். அப்பா மிதித்தால் தறி முழுவதும் ஆடியது, குறுக்கு இழையை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா பாதி வழியில் நின்றது. ஆட்டத்தை நிறுத்தக் கனம் வேண்டும் என்று அம்மாவின் அம்மிக்கல்லையும் ஆட்டுக்கல்லையும் தூக்கிக்கொண்டு போய் முட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் எங்கள் வீட்டில் அரைத்த சமாச்சாரம் எதுவும் கிடையாது. பொடியும் ரசமும்தான். எனக்கு இன்றும் பருப்புப் பொடி வாசனை வந்தால் அந்தத் தறிதான் ஞாபகம் வருகிறது, நாக்கில் கொஞ்சம் கசப்போடு.

ஈரம் வேறு. பட்டு இழைகள் நமத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டின. அம்மா கும்மட்டி அடுப்பில் கரி போட்டுப் பாவுக்கு அடியில் எட்டத்தில் வைத்து, விசிறிக்கொண்டே இருந்தாள். குழித் தறியில் அதற்கு இடமே கிடையாது, இந்த மேட்டுத் தறியில்தான் அடியில் அடுப்பு வைக்க முடிந்தது. அதை அப்பா கண்டுபிடித்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. பெரியப்பாவைக் கூட்டி வந்து காட்டினார். பெரியப்பா குனிந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் மாமாவிடம் இன்னும் பனந்துண்டு கிடைக்குமா என்று ரகசியமாக விசாரித்தார். தை பாதிக்குள் எங்கள் தெருவில் ஆறு தறிகள் மேடு ஏறிவிட்டன. செவிலிமேட்டுப் பக்கம் விழுந்து கிடந்த பனைகளெல்லாம் வண்டி வண்டியாக எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தன. தாயக்கட்டையைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டோம்.

கருவாட்டம்மா இடையில் ஒருமுறை வந்தாள். இந்தத் தடவை கூடையில் கொஞ்சம் சென்னாகுனி என்கிற பொடி இறால் கருவாடு இருந்தது. கடன் வாங்கிய வலையில் கரையோரமாகப் பிடித்தது என்றாள். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தறியைப் பார்த்துக் கருவாட்டம்மா சிரிக்கவில்லை, நான்தான் சொன்னேனே என்றும் சொல்லவில்லை. பலகைக் கணுக்களைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டாள்.

"கொஞ்சம் உடம்பு பூசினாப்போல இருக்கறவளுக்கும் இது பத்துமா அண்ணே?"

"உம் பொண்ணு ஈர்க்குச்சி மாதிரி இருப்பான்னு சொல்லுவியே?"

"பொண்ணுங்க நாலு விதமாத்தானே இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளுக்குப் புயலில் கொஞ்சம் புத்தி கலங்கியிருக்கிறது என்று அப்பா முடிவு கட்டினார். கனிவோடுதான் சொன்னார், ஆனாலும் சொன்னார்.

மாசி பிறந்து பத்து நாளில் புடவை அறுத்தாயிற்று. தறியிலிருந்து அறுக்கும்போது மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். அன்றைக்குத் தெருவே வந்திருந்தது. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. வாங்க வருகிறேன் என்று சொன்ன கருவாட்டம்மா முதல் நாளும் வரவில்லை, இரண்டாம் நாள் காலையும் வரவில்லை. கடற்கரைச் சாலையில் ஒரு தரைப்பாலம் இன்னும் சரியாகவில்லை, பஸ் பாதியில் திரும்புகிறது என்று தெரிந்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். என் தம்பி கைக்குழந்தை, அதனால் அம்மா வர முடியாது. நான் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன்.

செங்கல்பட்டில் பஸ் மாறினோம். பாலம் உடைந்த இடத்தில் இறங்கி, முழங்கால் தண்ணீரைத் தாண்டி நடந்தோம். புடவை மூட்டையை அப்பா தலைமேல் வைத்துக்கொண்டார், என்னை என் பாட்டுக்கு நடக்கவிட்டார்.

அந்தக் கடற்கரையை எப்படிச் சொல்வது? பனைகள் நின்றன, தலை இல்லாமல். ஒரு பெரிய படகு மணல்மேட்டின் உச்சியில் தனியாக உட்கார்ந்திருந்தது. மூன்று மாதம் ஆகியும் வேலிகளில் துணிக்கிழிசல் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் புதுக் கீற்றின் வாசனையும் வந்தது. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடிசைகள் எழும்பியிருந்தன, ஒன்று பச்சையாக, ஒன்று பழுப்பாக, கட்டிய நாளைப் பொறுத்து. கரையில் ஆறேழு ஆண்கள் ஒரே கட்டுமரத்துக்குக் கயிறு வரிந்துகொண்டிருந்தார்கள். ஒரு வாத்தியார் வேப்பமரத்தில் கரும்பலகையை மாட்டிப் பாடம் நடத்தினார்.

எங்களை முதலில் பார்த்தது அந்தப் பிள்ளைகள்தான். அப்பா தலையிலிருந்த மூட்டையைப் பார்த்ததும் ஒரு பையன் எழுந்தான். வாத்தியாரைக் கேட்காமலே குப்பத்தை நோக்கி ஓடினான். மற்றதுகளும் பின்னாலேயே ஓடின.

"பொடவ வந்துடுச்சி! பொடவ வந்துடுச்சி!"

பெண்கள் குடிசைகளிலிருந்து வெளியே வந்தார்கள். கயிறு வரிந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு கிழவர் அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்பாவுக்கு ஒரே பெருமை. "காஞ்சிபுரத்துப் பொடவைன்னா சும்மாவா?" என்று என்னிடம் சொன்னார். கருவாட்டம்மா கையைக் கழுவிக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவிவிட்டு வந்துதான் மூட்டையை வாங்கினாள்.

மறுநாள் காலை கல்யாணம். அம்மன் கோயில் இடிந்து, அம்மன் மட்டும் ஒரு கீற்றுப் பந்தலில் இருந்தாள். நாதஸ்வரம் இல்லை, ஒரே ஒரு தவில். எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். குடிசைக்குள்ளிருந்து பெண் வந்தாள். வெயில் பட்டதும் அரக்கு நிறம் அப்படியே தூக்கியது. கொஞ்சம் பருமனான பெண். தாலி ஏறியது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்ணை மறுபடி குடிசைக்குள் கூட்டிப் போனார்கள். முடிந்தது, சாப்பாடு போடுவார்கள் என்று நான் எழுந்தேன். ஒருவரும் எழவில்லை. தவில்காரர் இரண்டு தட்டுத் தட்டினார். குடிசையிலிருந்து இன்னொரு பெண் வந்தாள், உயரமாக, கறுப்பாக. அவளும் எங்கள் புடவைதான் கட்டியிருந்தாள்.

அப்பா முகம் போன போக்கை நான் பார்த்தேன். உங்களுக்குத் தெரியும், கூரைப்புடவை என்றால் ஒருத்திக்குத்தான். அவள் கட்டி, அவள் வைத்திருந்து, அவளோடு போக வேண்டியது. அக்காள் கட்டியதைத் தங்கை மணையில் கட்ட மாட்டாள். நெய்கிறவர்களுக்கு அது இன்னும் ஒரு பங்கு கூடுதல். அப்பா விருட்டென்று எழுந்து குடிசைப் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். வாசலில் கருவாட்டம்மா நின்றிருந்தாள்.

"இன்னாக்கா இது? கூரைப்பொடவைய ரெண்டு பேருக்கா கட்டுவாங்க?"

"ரெண்டு இல்ல அண்ணே, மூணு" என்றாள். "எங்க குப்பத்துல இப்ப ஒரு அடுப்புல பத்து வூட்டுக்குச் சோறு வேவுது. ஒரு கட்டுமரத்துலதான் எல்லா வூட்டு ஆம்பளைங்களும் போறாங்க. நாள் குறிச்ச பொண்ணுங்க மூணு பேரு. ஒருத்திகிட்டயும் மாத்துத்துணி இல்ல. என் பொண்ணுக்கு மட்டும் பட்டு வருதுன்னா, மத்ததுங்க இன்னா அண்ணே பண்ணும்?"

அப்பா குடிசைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார். "இதுல உம் பொண்ணு எது?"

"அது கடைசி. இந்த ரெண்டுத்துக்கும் அம்மா இல்ல, புயல்ல போய்ட்டாங்க. அதுங்க புதுசு மாறாம கட்டட்டும்னு மொதல்ல வுட்டேன். எம்பொண்ணுக்கு நான் இருக்கேன்ல?"

ஊரே போய்விட்டது, இவளுக்குப் பட்டு கேட்கிறது என்று சொன்ன தெரு எங்கள் தெரு. அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் நின்றேன். இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. குப்பம் முழுவதும் அந்த ஒரு புடவைக்குக் காத்திருந்தது. அதைச் சொல்லிக் கேட்டிருந்தால் இரக்கப்பட்டிருப்போம். அவளுக்கு இரக்கம் வேண்டியிருக்கவில்லை, புடவைதான் வேண்டியிருந்தது.

இரண்டாவது பெண் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் புடவை வெளியே வந்தது, ஒரு அத்தைக்காரியின் கையில், சுருட்டி மடக்கிக் கசங்கலாக. பட்டைக் கையாண்டு பழக்கமில்லாத கைகள். மடிப்புத் தெரியாமல் இரண்டு பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தன் துண்டை மணலில் விரித்தார். கையை நீட்டிப் புடவையை வாங்கினார். முழங்கால் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் சுருக்கத்தை ஒவ்வொன்றாகத் தேய்த்து, கரையோடு கரை சேர்த்து, தறியிலிருந்து இறக்கிய புதுப்புடவையை மடிப்பது போலவே மடித்தார். அவசரப்படவே இல்லை. தவில்காரர் காத்திருந்தார், மாப்பிள்ளை காத்திருந்தார், மொத்தக் குப்பமும் காத்திருந்தது. மடித்து முடித்ததும் இரண்டு கையாலும் எடுத்துக் கருவாட்டம்மாவிடம் கொடுத்தார்.

"இப்ப உம் பொண்ணுக்கு இது புதுசுதான்க்கா" என்றார்.

மூன்றாவதாக வந்த பெண் ஈர்க்குச்சி மாதிரிதான் இருந்தாள். கொசுவம் வைத்தும் புடவை மிஞ்சிப்போய் இடுப்பில் ஒரு மூட்டையாக நின்றது. தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மத்தியானம் வீடு வந்து சேர்ந்தோம். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவும் நின்றிருந்தாள்.

"பொடவ நேரத்துக்குப் போச்சா? பொண்ணுக்கு எப்பிடி இருந்துச்சி?"

அப்பா காலைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்.

"மூணு பேருக்கும் நல்லா இருந்துச்சி."